நோக்கம் (ஒரே வாக்கியத்தில்)

பிப்ரவரி 11, திங்கள்

இந்த வருடத்து டைரியை இன்றைக்குத்தான் எழுதப் பிரிக்கிறேன். ஆலையில் பொங்கலுக்குக் கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு பாதுகாப்பு வாசகம் கீழே அச்சடித்திருப்பார்கள். இன்றைய பக்கத்தில் “அவசரம் வேண்டாம், அவயவம் வேண்டும்” என்றிருக்கிறது. யார் எழுதியதோ. என் வாசகமும் இதில் எங்கேயோ உண்டு. தேடிப் பார்க்கவில்லை.

பிரித்ததற்குக் காரணம் சகாயராஜ். எங்கள் சர்க்கரை ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. இருபத்தொன்பது வயது. உட்கார்ந்திருக்கும்போதுகூட எங்கோ ஓடிக்கொண்டிருப்பது மாதிரிதான் இருப்பான். காலை ஷிஃப்ட் முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு படிவத்தை நீட்டினான்.

“சார், மார்ச் நாலு பாதுகாப்பு தினம். இந்த வருஷம் பேச்சுப் போட்டி கெடையாது. உங்க சிறப்புரை மட்டும்தான். ஜி.எம்.மே உங்க பேரைச் சொல்லிட்டாரு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டரம்மா வேற வர்றாங்க.”

“வேற யாராவது பேசட்டுமேப்பா.”

“ஒம்போது வருஷமா ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கறவரு நீங்க. உங்கள விட்டுட்டு நான் யாரைத் தேடறது?”

வாங்கிக்கொண்டேன். பெயர்: தணிகாசலம். பதவி: ஃபோர்மேன், பாய்லிங் ஹவுஸ் (பாகு காய்ச்சும் பிரிவு). அதுவரை நிரப்பிவிட்டேன். அடுத்து இரண்டு கட்டங்கள். தலைப்பு. நோக்கம் (ஒரே வாக்கியத்தில்). இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கட்டம் என் வேலை. ஐந்து வருடம் முன்பு போட்டிக் குழுவிடம் சண்டை போட்டுச் சேர்க்க வைத்தேன். ஆட்கள் மேடையேறித் தலைக்கவசத்தில் தொடங்கி, சுதந்திரப் போராட்டத்தைத் தொட்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லி இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலைப்பு என்பது நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது. நோக்கம் என்பது, கேட்டவன் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும் என்பது. அது தெரியாமல் மைக்கைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். இப்போது நானே பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

ஏன் போட்டி இல்லை என்பதையும் எழுத வேண்டும். ஜனவரி 22 அன்று கழிவுப்பாகு தேக்கும் இரண்டாம் எண் மொலாசஸ் டேங்கில் கசடு வழிக்க இறங்கிய பச்சையப்பன், உள்ளே காற்றில்லாமல் இறந்துபோனான். ஒப்பந்தத் தொழிலாளி. முப்பத்தொரு வயது. விசாரணை அறிக்கை வந்துவிட்டது. “அனுமதிச் சீட்டு பெறாமல் தன்னிச்சையாக இறங்கியதால்” என்று எழுதியிருக்கிறார்கள். என் வாக்குமூலமும் அதில் இருக்கிறது. நான்கு வரி.

ராத்திரிக்கு உப்புமா.

பிப்ரவரி 12, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு நாளை வருகிறேன் என்று போனான். தலைப்பு ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 13, புதன்

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

தலைப்பு: கண்ணாடி அணிவோம். நோக்கம்: நாளை முதல் வெல்டிங் செய்பவர் கண்ணாடி இல்லாமல் குனியக் கூடாது. ஒழுங்கான நோக்கம்தான். ஆனால் கேட்கப்போகும் நானூறு பேரும் பச்சையப்பனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கண்ணாடியைப் பற்றிப் பேசுவது, துக்க வீட்டுக்குப் போய் உங்கள் பக்கம் மழை எப்படி என்று விசாரிப்பது போல இருக்கும். அடித்துவிட்டேன்.

தலைப்பு: தீயணைப்பானைக் கையாளும் முறை. இதையும் அடித்துவிட்டேன். போன வருடம் பேசியது.

மத்தியானம் சகாயராஜ் போன் செய்தான்.

“சார், எதுக்கு இவ்ளோ யோசிக்கறீங்க? நம்ம கேஸையே எடுத்துக்குங்க. ‘கவனமே கவசம்’, உங்க ஸ்லோகன்தான். ஒரு ஆளு ஒரு நிமிஷம் கவனம் இல்லாததால என்ன ஆச்சுன்னு சொன்னீங்கன்னா போதும். அவரு சம்சாரம் மேடையிலயே இருப்பாங்க. தையல் மெஷின் குடுக்கறோம். நீங்க பேசி முடிக்க, கையோட அதையும் குடுக்க, நல்லா டச்சிங்கா இருக்கும் சார்.”

அவன் கெட்டவன் இல்லை. வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இறந்தவனை அவன் உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கோமளா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே, பால் பொங்குகிறது பாருங்கள் என்று கத்தினாள். நான் அடுப்புக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி, அடிப்பிடித்து, புகையும் வந்துவிட்டது. எனக்கு வாசனையே தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஆலை ஓடும்போது மொலாசஸ் வாடை மூன்று கிலோமீட்டருக்கு அடிக்கும் என்பார்கள். எனக்கு அதுவும் இல்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

பர்மிட் நடைமுறையை மாற்றிவிட்டார்கள். டேங்கில் ஆள் இறங்குவதாக இருந்தால் சகாயராஜே புதிய ஆக்சிஜன் மீட்டரை எடுத்துக்கொண்டு வருகிறான். இன்று மூன்றாம் எண் டேங்க். மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். நானும் பக்கத்தில் நின்றேன்.

“இருபது புள்ளி ஒம்போது. ஓகே சார், இறங்கலாம்” என்றான்.

நல்ல காற்றில் எப்போதும் அந்த எண்தான் வரும். எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

டேங்க் வாய்க்குப் பக்கத்தில் தகரப் பலகையில் “கவனமே கவசம்” என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். கீழே என் பெயரும் இருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பக்கம் போனால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். கொஞ்சம் பெருமைதான். இன்று கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு துண்டுக் கம்பி இன்னும் முறுக்கியபடி இருந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு

சவரம் செய்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் குரல். கோமளா போய்ப் பார்த்துவிட்டு வந்து, உங்களைத்தான் தேடி வந்திருக்கிறாள் என்றாள். பாதி முகத்தோடு போனேன்.

“நான் பச்சையப்பன் சம்சாரம் சார். சுகுணா.”

இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தாள். கோமளா காபி கொடுத்தாள். குழந்தைக்கு பிஸ்கட்.

“பர்மிட்டு வாங்காம தானா இறங்கிட்டாருன்னு கம்பெனியில எழுதிட்டாங்களாம். ஊர்ல அதை வெச்சிக்கிட்டு, புத்தியோட இருக்கறவன் அப்படி இறங்குவானா, குடிச்சிருப்பான்னு பேசறாங்க. எம் மாமனாரும் அதையே நம்பிட்டாரு. காலையில நாந்தான் சண்டை போட்டு அனுப்பினேனாம், அந்தக் கோவத்துலதான் குடிச்சானாம். எம் புள்ளைய முழுங்கிட்ட, வீட்டை விட்டுப் போடின்றாரு சார். பொழுது விடிஞ்சா இதே பேச்சுதான்.”

நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

“சண்டை போட்டது நெசந்தான். புள்ளைக்குச் சளி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னேன். லீவு போட முடியாதுன்னாரு. அதுக்காகக் குடிக்கறவரு இல்ல சார் அவரு. மலைக்கு மாலை போட்டப்ப விட்டாரு, அஞ்சு வருஷமாவுது. தொட்டதில்ல.”

“சரிம்மா.”

“அன்னிக்கு நீங்க மைக்குல பேசப் போறீங்கன்னு சொன்னாங்க. எங்க மாமனாரைக் கூட்டியாறேன். முன்னாடியே உக்கார வெக்கறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். அவரு குடிக்கலன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க.”

“பார்க்கறேம்மா” என்றேன்.

பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். கும்பிட்டுவிட்டுப் போனாள். குழந்தை பாதி பிஸ்கட்டைத் தரையில் விட்டுப் போயிருந்தது. கோமளா அதை எடுத்தாள், டம்ளரைக் கழுவினாள்.

நான் மீதி முகத்தைச் சவரம் செய்தேன்.

பிப்ரவரி 18, திங்கள்

கொதிகலன் குழாயில் கசிவு. அரவை நாலு மணி நேரம் நின்றது. பேச்சு எழுதவில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

மாசி மகம். பாதிப் பேர் கடலுக்குப் போய்விட்டார்கள். யார்டில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

சுகுணா கேட்டதைச் சொன்னால் என்ன என்று யோசித்தேன்.

தலைப்பு: கவனமே கவசம். நோக்கம்: பச்சையப்பன் குடித்திருந்தான் என்று ஊர் இனிமேல் சொல்லக் கூடாது.

இது நல்ல நோக்கம். யாரையும் புண்படுத்தாது. ஜி.எம். கூடத் தலையாட்டுவார். உடற்கூறு அறிக்கையிலும் மது என்ற வார்த்தை இல்லை. ஆனால் ஒன்பது வருடம் மேடையில் நின்றவனுக்குக் கேட்பவனின் தலைக்குள் என்ன ஓடும் என்று தெரியும். குடிக்கவில்லை என்று நான் சொன்ன அடுத்த விநாடி, அப்படியானால் பர்மிட் வாங்காமல் ஏன் இறங்கினான் என்று கேட்பான். நாலு வருடம் டேங்க் வேலை செய்தவன், ஒருநாளும் பர்மிட் இல்லாமல் ஏணியில் கால் வைக்காதவன், அன்றைக்கு மட்டும் ஏன்? அதற்குப் பதில் சொல்லாமல் இறங்கினால் பேச்சு பாதியில் நிற்கும். பதில் இல்லாத இடத்தில் மாமனார் மறுபடி பாட்டிலைத்தான் வைப்பார்.

அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வியாழன்

சகாயராஜ் சொன்ன வழியிலேயே ஒன்றை எழுதி முடித்தேன். எட்டு நிமிடம் வரும். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் அதனதன் இடத்தில். “ஒரு நொடிக் கவனம், ஒரு குடும்பத்தின் ஜீவனம்” என்று ஒரு வரி வந்து விழுந்தது. கை தானாகவே எழுதுகிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு வரி வந்தால் எழுந்து நடந்துவிட்டு வருவேன். இன்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

வழக்கம்போல் கோமளாவிடம் படித்துக் காட்டினேன். அவள் வழக்கம்போல் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வருடா வருடம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொல்வாள். நீளம் என்பாள், இல்லையென்றால் நல்லாருக்கு என்பாள். அதை வைத்தே பேச்சு எடுபடுமா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தத் தடவை கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கேட்டாள்:

“அந்தப் பொண்ணு மேடையில உக்காந்திருக்குமே, அது மூஞ்சியப் பாத்து இதைப் படிச்சிடுவீங்களா?”

“கூட்டத்தைப் பாத்துத்தானே படிப்பேன்.”

“அப்ப சரி” என்று எழுந்து போனாள்.

பிப்ரவரி 22, வெள்ளி

ஒரு மாதம் ஆகிவிட்டது. டேங்க் பக்கம் யாரோ ஒரு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்திருந்தார்கள். மழைத் தூறல். கற்பூரம் எரியவில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

காலையில் கோமளா கேட்டாள்: “உங்க வாசகம் டைரியில வந்திருக்காமே, பாத்தீங்களா?”

“எந்தப் பக்கம்னு தெரியலை.”

“ஜனவரியில எங்கயோ இருந்துச்சு. பொரட்டிப் பாருங்க.”

புரட்டினேன். பதினைந்து, பதினெட்டு, இருபது. எல்லாம் வெற்றுப் பக்கங்கள். இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் டைரி தானாகவே விரிந்து நின்றது.

மஞ்சள் தாள் இருந்தது.

மடிப்பு இல்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி நேராக. வியர்வையில் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. எண் தெரிந்தது. கையெழுத்து தெரிந்தது. அன்றைக்கு அதைச் சட்டைப் பையில் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துணியோடு கரைந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அதைப் பற்றி நினைக்காமல் விட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். கோமளா கடைக்குப் போயிருந்தாள். பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 25, திங்கள்

எழுதிவிடுகிறேன். பேச்சுக்குக் குறிப்பு எடுப்பது போல வரிசையாக.

டேங்குக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். பர்மிட் புத்தகத்தில் மேலே வெள்ளைத் தாள், கீழே கார்பன், அதன் கீழே மஞ்சள் தாள். ஃபோர்மேன் மீட்டரை உள்ளே இறக்கி, ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து, அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளை புத்தகத்திலேயே இருக்கும். மஞ்சளைக் கிழித்து டேங்க் வாயில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவான்.

சீசனில் ஃபோர்மேனுக்கு நின்று பேச நேரம் இருக்காது. பர்மிட்டுக்காக ஆட்கள் என் மேஜை முன்னால் காத்துக் கிடப்பார்கள். மூன்று வருடம் முன்பு நான் ஒரு சுலப வழி கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை காலையிலேயே பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்துவிடுவது. தேவைப்படுகிறவன் தன் பெயரை எழுதி மஞ்சளைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியதுதான். எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் யாராவது கேட்பார்கள் என்று பத்திலும் 20.9 என்று நானே எழுதிவிடுவேன். எப்படியும் அதுதானே வரப்போகிறது.

யாரும் தவறு என்று சொல்லவில்லை. தணிகாசலம் சார் ஷிஃப்ட்டில் வேலை நிற்காது என்று பெயர். மற்ற இரண்டு ஃபோர்மேன்களும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். வேலை சுணங்காததற்காக ஜி.எம். ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். காரணம் அவருக்குத் தெரியாது. தீபாவளிக்கு முன்பே மீட்டரின் பேட்டரி போய்விட்டது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பத்தே முக்காலுக்குப் பச்சையப்பன் என் டிராயரைத் திறந்து எடுத்தான். எழுதினான். கிழித்தான். கொண்டுபோய்க் கம்பியில் கட்டினான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். இரண்டாம் டேங்கின் அடிக்கசடு புளித்து, காற்றையே தின்று தீர்த்திருந்தது. அவன் காகிதத்தைப் பார்த்து இறங்கினான். காகிதத்தில் நல்ல காற்று இருந்தது.

கயிறு போட்டுத் தூக்கினோம். நானும் இழுத்தேன். கிடத்தியதும் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். எனக்குக் கம்பியில் தொங்கிய மஞ்சள் தாள்தான் தெரிந்தது. பிரித்துப் பையில் வைத்தேன். மத்தியானம் பர்மிட் புத்தகத்தைக் கரும்புச் சக்கையோடு சேர்த்துக் கொதிகலனில் போட்டேன். மறுநாள், நான் பர்மிட் கொடுக்கவில்லை என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான் தாளைப் பிரித்ததை மேஸ்திரி முனிரத்தினம் மட்டும் பார்த்திருந்தான். “உங்களுக்குத் தெரியாததா சார்” என்றான். அதற்குப் பிறகு என் மேஜைப் பக்கம் வருவதில்லை.

எழுதி முடித்துவிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பயமும் வரவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இன்னொருவன் கதையைக் கேட்ட மாதிரி இருக்கிறது. நான் பச்சையப்பனைக் கொன்றேன் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

மாலையில் கோமளாவிடம் கேட்டேன்.

“நீதான் எடுத்து வெச்சியா?”

“சட்டைய ஊறப்போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாப்பேன்ல.”

“ஏன் என்கிட்ட கேக்கலை?”

“கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பீங்க. உங்களுக்குத்தான் பேச வருமே.” கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். “தேதி போட்ட பக்கத்துல வெச்சேன். எப்படியும் ஒருநாள் பேச்சு எழுத டைரியத் தொறப்பீங்கன்னு தெரியும். ஆனா நீங்க பிப்ரவரியிலேர்ந்து ஆரம்பிச்சீங்க.”

“கிழிச்சுப் போட்டிருக்கலாம் நீ.”

“நானா?” என்று நிமிர்ந்தாள். “அந்தப் பொண்ணு இங்க தரையில உக்காந்து கேட்டப்ப, எனக்கு உள்ள போய் அதைக் கொண்டாந்து அது கையில குடுத்துடலாமான்னு இருந்துச்சு. நீங்க குடுக்கணும்னுதான் விட்டேன்.”

ரிடையராக மூன்று வருடம் இருக்கிறது, போலீஸ் கேஸ் ஆகும், ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். கடைசியில், “மோட்டார்காரன் நாளைக்கும் வரலைன்னா வேற ஆளைப் பாக்கணும்” என்றாள்.

பிப்ரவரி 28, வியாழன்

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். தலைப்பை மாற்ற வழியில்லை. சகாயராஜ் “கவனமே கவசம்” என்று என் பெயரோடு பேனர் அடித்துவிட்டான். தலைப்பு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

நோக்கம் என்ற கட்டத்தில், “விபத்து எப்படி நடந்தது என்பதைக் கேட்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்” என்று எழுதினேன். படித்துவிட்டு, “சூப்பர் சார், கரெக்டா புடிச்சிட்டீங்க” என்றான். குழுவில் நான் இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அறிந்துகொள்வது ஒரு செயல் இல்லை. கேட்டவன் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும்?

அதை இங்கே எழுதி வைக்கிறேன். நோக்கம்: நான் பேசி முடித்ததும் இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து மஞ்சள் தாளை வாங்கிக்கொள்ள வேண்டும், சுகுணாவின் மாமனார் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஒரே வாக்கியம்தான்.

மார்ச் 2, சனி

எட்டு நிமிடப் பேச்சைக் கிழித்துப் போட்டேன். புதியதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட வரவில்லை. மோட்டார் சரியாகிவிட்டது.

மார்ச் 4, திங்கள்

சிவராத்திரி. கோமளா விரதம். எனக்கு மட்டும் இட்லி வைத்தாள்.

சர்க்கரைக் கிடங்கு முன்னால் பந்தல். கொடியேற்றினார்கள், உறுதிமொழி எடுத்தோம், சட்டையில் பேட்ஜ் குத்தினார்கள். மேடையில் ஜி.எம்., இன்ஸ்பெக்டர் அம்மா, சுகுணா. ஓரத்தில் ரிப்பன் கட்டிய தையல் மெஷின். முன்வரிசையில் வெள்ளைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். சுகுணா சொன்னபடி கூட்டி வந்துவிட்டாள்.

சகாயராஜ் என்னைச் சொல்லின் செல்வர் என்றெல்லாம் அறிமுகப்படுத்தினான். கைதட்டினார்கள். மைக்கைப் பிடித்தேன். கூட்டத்தைப் பார்க்காமல் சுகுணா பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

“எல்லோருக்கும் வணக்கம். பச்சையப்பன் குடித்திருக்கவில்லை. பர்மிட் இல்லாமலும் இறங்கவில்லை. அந்த பர்மிட் இதுதான். இதில் இருப்பது என் கையெழுத்து. காற்று நன்றாக இருக்கிறது என்று இதில் எழுதியிருப்பதும் நான். மீட்டர் பார்க்காமல் எழுதினேன். அவன் அதை நம்பி இறங்கினான். அவன் செத்தபிறகு இதைக் கம்பியிலிருந்து பிரித்து ஒளித்தவனும் நான்தான். விசாரணையில் பொய் சொன்னேன். அவன் மேல் ஒரு தவறும் இல்லை.”

கைகூப்பினேன். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார்கள். பிறகு அதுவும் நின்றது. ஆலை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சகாயராஜ் மைக் வரைக்கும் வந்து நின்றான். பாவம், அவன் நிகழ்ச்சி நிரலில் இதற்கு இடமில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து கையை நீட்டினார். நான் அவரை நோக்கிப் போனேன். நடுவில் சுகுணாவின் நாற்காலி. அவள் அதற்கு முன்னால் கையை நீட்டினாள். அவளிடம்தான் கொடுத்தேன்.

என் கையெழுத்தை அவள் பார்க்கவில்லை. தாளின் கீழே, இறங்குபவர் பெயர் என்ற இடத்தில், க. பச்சையப்பன் என்று குண்டு குண்டாக எழுதியிருக்கும். அதில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தாளை முன்வரிசைக்குத் தூக்கிக் காட்டினாள்.

“மாமா, பாருங்க. அவரு எழுத்து.”

பெரியவர் எழுந்து மேடை வரை வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ. தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். குழந்தையும் சேர்ந்து அழுதது. சுகுணா தாளை இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“நாப்பத்தோரு நாள் சார்” என்றாள்.

ஜனவரி 22-லிருந்து எண்ணியிருக்கிறாள். மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ஜி.எம். “வீட்டுக்குப் போங்க தணிகாசலம்” என்றார். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். முனிரத்தினம் சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். தையல் மெஷின் மேடையிலேயே கிடந்ததாம். கூட்டம் கலைந்தபிறகு சகாயராஜ் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டதாகப் போனில் சொன்னான். மருமகளையும் பேத்தியையும் உள்ளே உட்கார வைத்து, பெரியவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனாராம்.

“சார், நீங்க படிவத்துல எழுதினதை நான் ஒழுங்கா படிக்கலை சார்” என்றான்.

கோமளா பேச்சு எப்படி என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று.

“நல்லாருக்கு” என்றாள்.

நாளை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் போட்டிருந்த சட்டைதான் துவைத்து மடித்து மேலே இருந்தது. கோமளா அதை எடுத்து நாற்காலியில் போட்டாள். போடுவதற்கு முன்னால் பழக்கத்தில் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.